பானையின் அடியில் ஒரு காசு

செப்டம்பர் 6, 2014, சனி

ஆமாம், எழுதித் தருகிறேன் என்று சொன்னது நான்தான். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

வெர்னா டீச்சர் காலை பத்து மணிக்கே வண்டிக்கு வந்துவிட்டார். மூன்றாம் வகுப்பில் எனக்கும், அதற்கு ஒன்பது வருடம் முன்பு என் அண்ணன் லமாருக்கும் பாடம் எடுத்தவர். ஓய்வுபெற்ற பிறகு ஊரின் பழைய விஷயங்களைத் தேடித் தூசு தட்டிக்கொண்டிருக்கிறார். அக்டோபர் சந்தை வருவதற்குள், நாங்கள் நிற்கும் பெட்ரோல் பங்க் மூலையில், எங்கள் தள்ளுவண்டிக்குப் பக்கத்திலேயே, ஒரு பலகை நடப்போகிறார்களாம். இந்த ஊருக்குத் தமாலி எப்படி வந்தது என்று அதில் இருக்க வேண்டும். அறுபது சொல்லுக்கு மேல் போகக்கூடாது. அக்டோபர் மூன்றாம் தேதிக்குள் தர வேண்டும்.

"யாரு எழுதறது டீச்சர்?" என்றான் லமார்.

"ஜாக்சன் வரைக்கும் போயி இலக்கியம் படிச்சவ ஒருத்தி உன் பக்கத்துல நின்னு நூல் கட்டிக்கிட்டிருக்காளே, கண்ணு தெரியலையா?"

"இவளா? அறுபது சொல்லா? இவ தும்மறதுக்கே அறுபது சொல்லு வேணும்."

நான் எழுதுகிறேன் என்றேன். கதை தெரிந்ததுதானே.

1928. கொள்ளுத்தாத்தா எஸ்ரா ப்ரூயிட். மிசிசிப்பிக் கரையில், எங்கள் கறுப்பினத்தார் எல்லாரையும்போல, அடுத்தவர் நிலத்தில் பருத்தி பறித்தவர். வயலில் மத்தியானம் சூடாக எதையாவது தின்ன வேண்டும் என்று, யாரும் சொல்லிக்கொடுக்காமல், தன் மூளையிலிருந்தே எடுத்து, மக்காச்சோள மாவுக்குள் இறைச்சியை வைத்தார். சோளத்தோலில் சுருட்டினார். மூன்று மூன்றாகக் கட்டிக் காரத் தண்ணீரில் வேகவைத்தார். இந்த ஊரின் முதல் தமாலி. எங்கள் வண்டிப் பலகையிலும் "யாரிடமும் கற்காதது" என்றே எழுதியிருக்கிறது. அந்த முதல் பானையில் அதிர்ஷ்டத்துக்காக ஒரு வெள்ளிக்காசும் போட்டார்.

காசு இன்னும் இருக்கிறது. அதில் தலையும் இல்லை, எழுத்தும் இல்லை, வருடமும் இல்லை. எண்பத்தாறு வருடம் வெந்து வெந்து இரண்டு பக்கமும் நகம்போல வழுவழுத்துவிட்டது. எங்கள் வீட்டில் யார் பானை வைத்தாலும் அதுதான் முதலில் உள்ளே போகும். விழும்போது ஒரு சத்தம். அதன்மேல் தமாலிகளை நெருக்கி நிறுத்தி, மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றிவிட்டால், சாயங்காலம் பானையைக் கழுவும்வரை அதற்கு வாயே கிடையாது.

இன்று காலை போட்டது நான்.


செப்டம்பர் 7, ஞாயிறு

தேவாலயம். பிரசங்கம் நீண்டது. காகிதக் கைவிசிறியின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன்: எஸ்ரா — யோசித்தார் — வேகவைத்தார். மூன்று சொல். இன்னும் ஐம்பத்தேழு.


செப்டம்பர் 10, புதன்

பருத்திக்கு இலை உதிர மருந்து அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஊர் முழுக்க அழுகிய முட்டைக்கோஸ் வாடை. எங்கள் அடுப்படி மட்டும் எதிர்த்து நிற்கிறது. சீரகம், பூண்டு, மிளகாய்.


செப்டம்பர் 13, சனி

மதியம் ஒரு பெண் வந்தாள். என் வயது இருக்கும். மீன் ஆலையின் ரப்பர் பூட்ஸ், கழற்ற மறந்த தலைமுடி வலை. ஒரு கட்டு வாங்கினாள். நூலை அவிழ்த்தாள், தோலை விரித்தாள், முகர்ந்தாள், கடித்தாள். பிறகு லமாரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மொதலாளி, கேக்கறேன்னு கோச்சுக்காதீங்க. இது தவறிப்போய்த் தண்ணியில விழுந்துடுச்சா?"

"விழல. நாங்கதான் போட்டோம்."

"வேணும்னேவா?"

"எண்பத்தாறு வருஷமா வேணும்னேதான்."

"ஐயோ பாவம்." இதைத் தமாலியைப் பார்த்துச் சொன்னாள். "எங்க ஊர்ல ஆவியில வேகவைப்போம். இப்படி மழையில நனைஞ்ச பூனைக்குட்டி மாதிரி சொட்டாது."

"அப்ப வச்சிட்டுப் போம்மா. யாரு திங்கச் சொன்னா?"

"கடிச்சிட்டேனே, இனிமே என்ன பண்றது?"

இன்னொரு கட்டு வாங்கினாள். உப்பு பிஸ்கட் கூடுதலாகக் கேட்டாள். தாளில் தேங்கிய சிவப்புச் சாற்றைப் பிஸ்கட்டால் வழித்து வழித்துத் தின்றாள். பெயர் மாரிசேலா. மெக்சிகோவில் சான் லூயிஸ் பொத்தோசி. இரண்டு வருடமாக இங்கே கெளுத்தி மீனுக்குத் தோலுரிக்கிறாள்.

அவள் போனதும் லமார், "வாயப் பாரு" என்றான். கரண்டியை இரண்டு முறை துடைத்தான். பிறகு, "அடுத்த சனிக்கெழம வருவாளா?"


செப்டம்பர் 16, செவ்வாய்

எழுத உட்கார்ந்தால் எஸ்ரா வரவில்லை. லமார்தான் வருகிறான்.

அப்பா இறந்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. எனக்குப் பத்து. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவன் பானையை ஏற்றினான். மாவு கல்லாகிவிட்டது. அதையும் வாங்கித் தின்றார்கள், இந்த ஊரார். அதற்காக இந்த ஊரை நான் எவ்வளவு வேண்டுமானாலும் மன்னிப்பேன்.

ஜாக்சனில் நான் படித்த நான்கு வருடமும், வெள்ளிக்கிழமை தோறும், பேருந்து ஓட்டுநரிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புவான். உறைய வைத்து, செய்தித்தாளில் சுற்றி, மேலே என் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி. நான் நிலையத்துக்கு நடந்துபோய் வாங்கி, கையில் ஏந்திக்கொண்டு வருவேன். அறைத்தோழி கேட்டாள், உனக்கு வாரம் ஒரு குழந்தை வருகிறதா என்று. ஒருநாளும் நன்றி என்று ஒரு வரி எழுதவில்லை. மௌனத்தைப் பற்றி நாற்பது பக்கம் ஆய்வுக்கட்டுரை எழுதினேன்.

நான் எழுதியது எதையும் அவன் இதுவரை படித்ததில்லை. பலகையைப் படிப்பான். தினமும் அதன் பக்கத்தில் நிற்கப்போகிறவன் அவன்.


செப்டம்பர் 20, சனி

மாரிசேலா இன்று காலையிலேயே வந்துவிட்டாள். வேலைக்குப் போகும் வழி. லமார் எரிவாயு உருளை மாற்றப் போயிருந்தான். நான் பானை வைத்துக்கொண்டிருந்தேன். காசைப் போட்டேன்.

"ஏ பொண்ணு! இப்ப என்ன போட்ட?"

"காசு."

"எதுக்கு?"

"அதிர்ஷ்டத்துக்கு. எங்க குடும்பத்துல எப்பவும் போடுவோம்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பங்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதிர்ஷ்டமா? எங்கம்மா கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பா. அது அதிர்ஷ்டம் இல்ல, தண்ணி பாக்கற காசு. பானை அடியில கொஞ்சூண்டு தண்ணி, அதுல காசு. மேல ஓட்டைத் தட்டு. தட்டு மேல தமாலி. தண்ணி கொதிக்கக் கொதிக்கக் காசு கிடந்து ஆடும், கடகடன்னு சத்தம் வரும். சத்தம் நின்னுச்சுன்னா தண்ணி வத்திப்போச்சுன்னு அர்த்தம். ஓடிப்போய் ஊத்தணும். மூடியத் தெறந்து தெறந்து பாத்தா ஆவி போயிடும்ல? அதுக்குத்தான்."

பிறகு எங்கள் பானைக்குள் எட்டிப் பார்த்தாள். "ஆனா நீங்க கழுத்து வரைக்கும் தண்ணி ஊத்தறீங்களே. இதுல காசு என்ன சத்தம் போடும்? பாவம், அது மூச்சு விடறதே பெரிசு."

என் கையில் தண்ணீர் வாளி. ஊற்றவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு நானும் எட்டிப் பார்த்தேன்.

லமார் வந்தான். "என்ன, ரெண்டு பேரும் பானைக்குள்ள மீன் புடிக்கிறீங்களா?"

ஒன்றுமில்லை என்றேன்.


செப்டம்பர் 21, ஞாயிறு

தண்ணீரில் முக்கி வேகவைக்கிற ஒருவனுக்குக் காசு போடத் தோன்றாது. தோன்றவே முடியாது. அப்படியென்றால் எஸ்ரா முதலில் ஆவியில் வேகவைத்திருக்கிறார். அப்படியென்றால் யாரோ அவருக்குக் காட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் நின்று, இப்படிப் போடு, இப்போது கேள் என்று.

யார்?

காசை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கு முகம் இல்லை. சரியாகத்தான் இருக்கிறது.


செப்டம்பர் 23, செவ்வாய்

வெர்னா டீச்சர் வீட்டுக்குப் போனேன். எதற்கு என்று சொல்லாமல் கேட்டேன்: தமாலி இங்கே எப்படி வந்தது?

"நாலு கட்சி இருக்கு" என்றார். "மெக்சிகோ சண்டைக்குப் போன சிப்பாய்ங்க கத்துக்கிட்டு வந்தாங்கன்னு ஒரு கட்சி. பருத்தி பறிக்க வந்த மெக்சிகோக்காரங்க நம்ம ஆளுங்க பக்கத்துல உக்காந்து சாப்பிட்டாங்க, அப்படி வந்துச்சுன்னு ரெண்டாவது கட்சி. அதெல்லாம் இல்ல, இந்த மண்ணுல மொதல்லயே இருந்த பூர்வகுடிங்க சோளத்தோல்ல சுருட்டித் தின்னவங்கதான்னு மூணாவது கட்சி."

"நாலாவது?"

"உங்க அண்ணன். அந்தக் கட்சியில ஆள் ஒருத்தர்தான்."

டீச்சருக்கு முதலிலிருந்தே தெரியும் போலிருக்கிறது. பிறகு ஏன் எங்களை எழுதச் சொன்னீர்கள் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒருத்தர் வீட்டுக் கதைய நான் போயி திருத்தக் கூடாதும்மா. அவங்களே திருத்தினா அது வேற."


செப்டம்பர் 24, புதன்

நியூ ஆர்லியன்ஸில், கல்லூரி மூன்றாம் வருடம், ஞாயிறு ஊர்வலத்தின் பின்னால் ஒரு லாரியில் ஒருத்தி நூடுல்ஸ் விற்றாள். மாட்டிறைச்சிச் சாறு, பாதி முட்டை, வெங்காயத்தாள். அதன் பெயர் யாக்கமீன் என்றாள். சீனத் தொழிலாளிகள் கொண்டுவந்தது என்றான் என்னுடன் வந்தவன். இல்லை, கொரியப் போரிலிருந்து திரும்பிய நம் ஆட்கள் என்றாள் இன்னொருத்தி. விற்றவளிடமே கேட்டேன், இது எங்கிருந்து வந்தது?

"என் பானையிலேர்ந்து. அடுத்தது யாரு?"

அன்று சிரித்தேன். இன்று அந்தப் பதில் போதவில்லை.


செப்டம்பர் 27, சனி

சொல்லிவிட்டேன்.

வண்டியை ஓரம் கட்டிய பிறகு, பானை கழுவும்போது. காசு, தட்டு, ஆவி எல்லாம். லமார் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். குழாயை மூடினான்.

"அப்ப எஸ்ரா தாத்தா பொய் சொன்னாருங்கற."

"அவர் சொன்னாருன்னு யாரு சொன்னது? நாமதான் சொல்லிட்டிருக்கோம்."

"இதைப் பலகையில எழுதப்போறியா?"

"எப்படி எழுதாம இருக்கறது?"

"ஆர்டிஸ்." அவன் என்னை முழுப் பெயர் சொல்லி அழைப்பது கோபத்தில் மட்டும்தான். "இந்த ஊர்ல நெலம் நம்மளுதா? இல்ல. பஞ்சு நம்மளுதா? நாம பறிச்சோம், அவ்வளவுதான். பாட்டு நம்மளுது. அதை எவனோ பாடி எவனோ பேர் வாங்கினான். ஒண்ணே ஒண்ணு, ஒண்ணே ஒண்ணுதான் நம்ம பேர்ல இருக்கு. அதுக்குப் பலகை வைக்கறேன்னு அவங்களே வராங்க. நீ போயி, 'இல்லைங்க, இதுவும் எங்களுது இல்லைங்க'ன்னு சொல்லப்போற. இதுக்குத்தான் ஒன்ன நாலு வருஷம் படிக்க அனுப்பினேனா?"

நான் ஏதோ சொன்னேன். உண்மை என்று ஏதோ.

"அப்பா எனக்கு என்ன விட்டுட்டுப் போனாரு? ஒரு பானை, ஒரு காசு, ஒரு கதை. பானை ஓட்டையாகி மாத்திட்டேன். காசு தேஞ்சுபோச்சு. கதை மட்டும்தான் முழுசா இருந்துச்சு."

துண்டை வீசிவிட்டு உள்ளே போனான்.

நான் எதையும் எடுக்கல அண்ணே. எடுக்கணும்னு நெனைக்கவே இல்ல. நீ சொல்றது எல்லாம் சரிதான், ஒவ்வொண்ணும் சரிதான் — அதனாலதானே சொல்றேன். நம்ம பேர எழுதாம விட்டவங்க மேல நமக்கு எவ்வளவு கோபம். அதையே நாம இன்னொருத்தருக்குச் செஞ்சா?

இதை அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். இங்கே எழுதி என்ன.


செப்டம்பர் 28, ஞாயிறு

நானும் லமாரும் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கட்டினோம். மாவு, இறைச்சி, சுருட்டு, மடி, மூன்று, நூல். அவன் கட்டுகள் இன்று கல்போல இறுகியிருந்தன.


செப்டம்பர் 30, செவ்வாய்

பழைய கதையை எழுதிப் பார்த்தேன். அறுபது சொல். நன்றாக வந்திருக்கிறது. மிக நன்றாக. அதுதான் பயமாக இருக்கிறது.


அக்டோபர் 1, புதன்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதிவைக்க வேண்டும்.

புதன் எங்களுக்கு வண்டி இல்லை. மாரிசேலாவுக்கும் ஆலை விடுமுறை. சனிக்கிழமை நடந்ததை அவளிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தேன். வராதே என்றும் சொல்லியிருந்தேன். மத்தியானம் கதவைத் தட்டினாள். இடுப்பில் ஒரு நெட்டைப் பானை, தோளில் மாவுப் பை. நேராக அடுப்படிக்குப் போனாள்.

லமார் வாசலில் வந்து நின்றான். "இது என்ன, என் அடுப்புல?"

"அடுப்பத் தூக்கிட்டுப் போக வரல மொதலாளி. ஒரு மணி நேரம் விட்டுக்குடுங்க. அப்புறம் அது உங்களுதுதான்."

"என்ன செய்யப்போற?"

"பூனைக்குட்டியத் தொவட்டப்போறேன்."

சிரிக்கக்கூடாது என்று அவன் உதட்டைக் கடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அவள் மாவில் கொழுப்பு சேர்த்து அடித்தாள். ஒரு துளி எடுத்துக் கிண்ணத் தண்ணீரில் போட்டாள். மூழ்கியது. மறுபடி அடித்தாள். மிதந்தது. பரப்பினாள், வைத்தாள், மடித்தாள். நூல் கட்டவில்லை. பானையில் நான்கு விரல் தண்ணீர். தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு லமாரைப் பார்த்தாள்.

"காசு?"

வீட்டாரைத் தவிர வேறு யாரும் அதைத் தொட்டதில்லை. அவள் கை நீட்டவும் இல்லை. காத்திருந்தாள். லமார் அலமாரியிலிருந்து காசு இருக்கும் புட்டியை எடுத்தான், காசை உள்ளங்கையில் தட்டினான், நடந்து வந்து தானே போட்டான்.

தட்டு. தமாலிகள். ஈரத்துணி. மூடி.

முதலில் தண்ணீர் சூடாகும் முனகல் மட்டும். மாரிசேலா அவள் அக்காவின் கல்யாணத்தில் எண்ணூறு தமாலி செய்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பானைக்குள் ஒரு தட்டல். நின்றது. இன்னொன்று. பிறகு விடாமல், கடகடகடவென்று, யாரோ அவசரமாகத் தகரத்தில் நகத்தால் தட்டுவதுபோல.

லமார் கையை உயர்த்தினான். அவள் பேச்சை நிறுத்தினாள்.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தான். முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொண்டான். பதினேழு வருடமாக அந்தக் காசைப் பானையில் போட்டு வருகிறவன். அவனுக்கு முன் அப்பா, அவருக்கு முன் தாத்தா. அவர்களில் யாரும் இதைக் கேட்டதில்லை.

அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அரை மணி இருக்கும். கூட இருக்கும். சத்தம் தயங்கியது. இரண்டு தட்டல், ஒரு இடைவெளி, ஒரு தட்டல். நின்றது.

"தண்ணி" என்றான் லமார். மாரிசேலா எழுவதற்கு முன்பே எழுந்துவிட்டான். மூடியைச் சாய்த்து, ஓரமாக, சுவரைப் பிடித்தமாதிரி ஊற்றினான். எப்படி ஊற்ற வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. நின்றபடியே காத்திருந்தான். காசு மறுபடி பேசத் தொடங்கியதும் சிரித்தான். சிறு பையனாக இருந்தபோதும் அவன் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் அப்போது பிறக்கவே இல்லை, அதனால் இருக்கலாம்.

வெந்ததும் ஒன்றைப் பிரித்துத் தின்றான்.

"உப்பு பத்தல. காரம்னா என்னன்னே இதுக்குத் தெரியல."

"ஆனா?"

"ஆனா ஒண்ணும் இல்ல."

ஐந்து தின்றான்.


அக்டோபர் 2, வியாழன்

காலை காபி குடிக்கும்போது, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு:

"அந்த ஆளு பேரு என்ன?"

"யாரு?"

"காசு போடச் சொன்ன ஆளு."

"தெரியாது அண்ணே."

"ஆம்பளையா பொம்பளையா?"

"அதுவும் தெரியாது."

"அப்புறம் எப்படித்தான் நன்றி சொல்றது?"

நான் குவளையைக் கீழே வைத்தேன். நன்றி என்ற சொல்லை முதலில் எடுத்தது அவன்.

"ராத்திரி முழுக்க யோசிச்சேன்" என்றான். "எஸ்ரா தாத்தா ஏன் தண்ணியில முக்கினாரு? ஆவியில கத்துக்கிட்டவர் ஏன் மாத்தணும்? நேத்து நான் எவ்வளவு நேரம் அந்த அடுப்பு முன்னாடி உக்காந்திருந்தேன் பாத்தல்ல. அசைய முடியாது. காதை அங்கயே வச்சிருக்கணும். விடியறதுக்கு முன்னாடி வயலுக்குப் போறவன் எப்படிடி பானை பக்கத்துல உக்காருவான்? அவர் என்ன பண்ணாரு? பானை நெறைய தண்ணிய ஊத்திட்டு, தணல்ல வச்சிட்டுப் போயிட்டாரு. தண்ணியிலயே காரத்தையும் போட்டாரு. மத்தியானம் வந்தா வெந்திருக்கும். அது அவர் மூளை. அதை யாரும் சொல்லிக்குடுக்கல."

"ஆமா."

"அப்ப முக்கினது நம்ம ஆளு."

"முக்கினது நம்ம ஆளுதான்."

அவன் காபியைக் குடித்தான். பிறகு சொன்னான், மெதுவாக:

"ஆனா காசை எடுக்கல பாரு. அதுக்கப்புறம் அதுக்கு வேலையே இல்ல. எடுத்திருக்கலாம். பருத்தி பறிக்கறவனுக்கு ஒரு வெள்ளிக்காசுன்னா சும்மாவா? எடுக்கல. நம்மளையும் எடுக்க விடல."

இதை நான் யோசித்திருக்கவில்லை. இலக்கியம் படித்தவள் நான். பதினேழு வருடம் பானை கழுவியவன் கண்டுபிடித்தான். அவனுக்குத் தம்ளரில் இன்னும் காபி ஊற்றினேன். பேருந்துப் பொட்டலங்களுக்கு நன்றி என்றேன்.

"எந்தப் பொட்டலம்?"

"ஜாக்சனுக்கு அனுப்புவியே. நாலு வருஷம்."

"அதுக்கு இப்ப என்ன?"

"ஒண்ணும் இல்ல. சொல்லணும்னு."

"பைத்தியம்" என்றான். தம்ளரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான்.


அக்டோபர் 3, வெள்ளி

எழுதியது இதுதான். அறுபதுக்குள் அடங்கிவிட்டது.

"பருத்தி பறித்த எஸ்ரா ப்ரூயிட் 1928இல் இந்த ஊரில் தமாலி விற்கத் தொடங்கினார். அதை அவருக்குக் கற்றுத்தந்தவர், தண்ணீர் வற்றுவதைக் காதால் அறிய, பானையின் அடியில் ஒரு காசு போடச் சொன்னார். வயலுக்குப் போக வேண்டியிருந்ததால் எஸ்ரா பானை நிறையத் தண்ணீர் ஊற்றினார். காசை மட்டும் எடுக்கவில்லை. கற்றுத்தந்தவரின் பெயரை நாங்கள் காப்பாற்றி வைக்கவில்லை. காசை வைத்திருக்கிறோம். அவருக்கு நன்றி."

லமாரிடம் கொடுத்தேன். என் எழுத்தில் அவன் படிக்கும் முதல் பக்கம். உதடு அசைய, விரல் வைத்துப் படித்தான். இரண்டு முறை.

"'காப்பாற்றி வைக்கவில்லை'ன்னு போட்டிருக்க."

"எடுத்துடவா?"

"இல்ல. அது நெசம்தான். இருக்கட்டும்."

வெர்னா டீச்சரிடம் அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். சட்டை மாற்றிக்கொண்டு போனான்.


அக்டோபர் 9, வியாழன்

மழை. வண்டி இல்லை. லமார் வண்டிப் பலகையிலிருந்த "யாரிடமும் கற்காதது" என்ற வரியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். இருபது வருடத்துப் பெயின்ட். எளிதில் வரவில்லை. நானும் ஒரு கத்தி எடுத்துக்கொண்டேன்.


அக்டோபர் 18, சனி

சந்தை. பலகை நட்டாயிற்று. வெர்னா டீச்சர் தொப்பி போட்டுக்கொண்டு வந்து துணியை விலக்கினார். கைதட்டினார்கள். பாதிப் பேர் படிக்காமலே வரிசையில் போய் நின்றுவிட்டார்கள். பசி.

மாரிசேலா படித்தாள். எழுத்துக்கூட்டி, கடைசி வரி வரைக்கும். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, அந்த ஆளோட சொந்தக்காரங்க யாராவது வந்து கேக்கற வரைக்கும் இந்த நன்றிய நான் வச்சிருக்கேன்" என்றாள்.

"பத்திரமா வச்சிக்கோ" என்றான் லமார். "தண்ணியில போட்டுடாத."

வண்டியில் இரண்டாவது அடுப்பை இன்று அவளுக்கு விட்டுக்கொடுத்திருந்தான். ஒரு ஓரமாக, இன்று ஒரு நாள் மட்டும் என்று சொல்லித்தான். அடுத்த சனிக்கும் சோளத்தோல் சேர்த்தே வாங்கி வைத்திருப்பது எனக்குத் தெரியும்.

எஸ்ராவின் காசு எங்கள் பானையிலேயே கிடக்கிறது, தண்ணீருக்கு அடியில், பேசாமல். அதை நெட்டைப் பானைக்கு மாற்றலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். தாத்தா வைத்த இடத்தில் இருக்கட்டும். தன் சட்டைப்பையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து மாரிசேலாவின் பானையில் போட்டான். பளபளவென்று, முகம், எழுத்து, வருடம் எல்லாம் இருந்தது.

காலை முழுவதும் அது கடகடத்துக்கொண்டே இருந்தது. வரிசையில் நின்றவர்கள் என்ன சத்தம் என்று கேட்டார்கள். லமார் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னான். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீட்டினான். மாரிசேலா நடுவில் புகுந்து திருத்தினாள். நான் கட்டுகளைப் பிரித்து, பிஸ்கட் வைத்து, சாறு ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணி வாக்கில் சத்தம் நின்றது. அவர்கள் இருவரும் பேச்சில் இருந்தார்கள். கையைத் துடைத்துக்கொண்டு, மூடியைச் சாய்த்து, நான் தண்ணீர் ஊற்றினேன்.